தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது?



இந்த இதழுக்கு வேறொரு தலையங்கம் பாதி எழுதி வைத்திருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு ரசீதைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. பதினாறாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கான ரசீது. கம்ப்யூட்டர் சென்டரில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தது. 2023 டிசம்பரிலிருந்து என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதற்குரிய பெண் போன மாதம் வந்து, "அண்ணா, மறுபடி எழுதிப் பாக்கலாம்னு இருக்கேன், அந்தப் பழைய காகிதத்தக் குடுங்க" என்றாள். எதுக்கும்மா அது, செல்லாதே என்றேன். "செல்லாதுன்னு தெரியும். அம்மாகிட்ட காட்டாம மறைச்சு வச்சிருந்தேன். இப்ப காட்டணும்" என்றாள்.

தி.நகர் பாண்டி பஜாரில், மயிலாப்பூர் லஸ் முனையில், அடையாறு எல்.பி. ரோட்டில் மாடி மாடியாகப் பலகை தொங்குகிறதே, ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல், பி.டி.இ. என்று, அந்தத் தேர்வுகளில் ஒன்று அது. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் தங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க எழுதுவது. எந்தத் தேர்வு, எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒருவரைத் திட்டிவிட்டு மற்ற இரண்டு பேரைத் தப்பவிட எனக்கு விருப்பமில்லை. இந்த விஷயத்தில் மூவருக்கும் அதிக வித்தியாசமில்லை.

பெண்ணின் வீடு பெரும்பாக்கம். வீடு என்றா சொன்னேன்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிய குடும்பங்களில் ஒன்று. அப்பா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. அம்மா இன்றைக்கும் விடிகாலை பஸ் பிடித்து மயிலாப்பூருக்கு வந்து மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். குடிசையை அப்புறப்படுத்தியவர்களுக்கு வேலையையும் கூடவே அப்புறப்படுத்தித் தரத் தோன்றவில்லை. பெண் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கி, சமூகப்பணி முதுகலை முடித்தவள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், ஆங்கிலத் தேர்வில் இத்தனை மதிப்பெண் எடுத்தால் இடம் உண்டு என்று கடிதம் அனுப்பிவிட்டது. வீட்டில் திருவிழாதான்.

தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார். வாரத் தவணை. தேதி டிசம்பர் 9, சனிக்கிழமை. இடம் தி.நகர்.

4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. தென்சென்னை எப்படிக் கிடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் ஏரிக்குள் கட்டிய ஊர்கள், ஏரி தன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. 9ஆம் தேதி காலையில் தி.நகரில் தரை காய்ந்திருந்தது. அவர்கள் தெருவில் காயவில்லை. பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பிளாக்கிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நடந்தாள். பஸ் இல்லை. ஷேர் ஆட்டோ ஒன்று, அப்புறம் இன்னொன்று. நான் தி.நகரில் மையத்து வாசலில் நின்றிருந்தேன். நாற்பது நிமிஷம் தாமதமாக, முழங்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

வாசலில் நின்ற பையன் நல்லவன்தான். அவனுக்கும் கண் கலங்கியது. "சிஸ்டம் உள்ள விடாது சார்" என்றான். இந்த சிஸ்டம் என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஊர்க் கோயில் வாசல் ஞாபகம் வருகிறது. அங்கேயும் தனியாக யாரும் தடுக்க மாட்டார்கள், வழக்கம்தான் தடுக்கும்.

பிறகு கடிதம் போட்டோம். பதில் ஒரு வாரத்தில் வந்தது. தேர்வு நாளன்று மையம் வழக்கம்போல் இயங்கியது. விண்ணப்பதாரர் உரிய நேரத்தில் வரவில்லை. எனவே கட்டணம் திரும்பத் தரப்படாது, தேதி மாற்றவும் இயலாது. அதே புயலுக்காக மையத்தையே மூடியிருந்தால் கட்டணம் திரும்ப வந்திருக்கும், அல்லது வேறு தேதி கிடைத்திருக்கும். விதியில் அது தெளிவாக இருக்கிறது. ஆக, அவர்கள் கட்டடத்துக்குள் தண்ணீர் வந்தால் அது இயற்கைச் சீற்றம். நம்ம வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அது நம்ம குற்றம்.

விதிகளைக் கொஞ்சம் பார்ப்போம், நம் மாணவர்கள் பலருக்குக் காசு கட்டிய பிறகுதான் இவை கண்ணில் படுகின்றன. டோஃபல் தேர்வுக்கு, தேர்வு நாளுக்கு முழுதாக நாலு நாள் முன்னால் ரத்து செய்தால் பாதிப் பணம் வரும், அதற்குப் பின் ஒன்றுமில்லை. பி.டி.இ. தேர்வில் 14 நாள் கணக்கு. அதற்கு முன்னால் என்றால் பாதி, பின்னால் என்றால் பூஜ்யம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் நெடுங்காலம் இருந்த விதி, ஐந்து வாரத்துக்கு முன்னால் சொன்னால் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. அதற்குப் பிறகு கடும் நோய், குடும்பத்தில் சாவு என்று மருத்துவச் சான்றோ இறப்புச் சான்றோ காட்டினால்தான் பரிசீலனை. ஐந்து வாரத்துக்கு முன்னால் எந்தத் தோழருக்கு அப்பாவின் காய்ச்சல் தெரியும்? எந்தக் கூலிக்காரருக்கு ஐந்து வாரம் கழித்து வரும் சனிக்கிழமை என்ன ஆகும் என்று தெரியும்? இந்த விதிகளை எழுதியவனின் மனக்கண்ணில் இருந்த ஆள், நாட்காட்டி தன் கையில் இருக்கிற ஆள். அடுத்த மாதம் என்பது அவனுக்கு நிச்சயமான ஒன்று.

கட்டணம் வேறு ஏறிக்கொண்டே போகிறது. இந்தியாவில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை முன்பு இரண்டு நிறுவனங்கள் நடத்தின, பிரிட்டிஷ் கவுன்சிலும் ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி.யும். 2021இல் பிரிட்டிஷ் கவுன்சில் தன் இந்தியத் தேர்வு வியாபாரத்தை 130 மில்லியன் பவுண்டுக்கு ஐ.டி.பி.க்கு விற்றுவிட்டது. அண்ணா சாலையில் நூலகம் நடத்துகிற, கலாச்சாரம் பேசுகிற அமைப்பு, நம் பிள்ளைகள் கட்டும் தேர்வுக் காசை ஒரு சொத்தாக மதிப்புப் போட்டு விற்றது. 2023இல் 16,250 ரூபாயாக இருந்த கட்டணம் 2025இல் 18,000. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். 54 நாள் மண் வெட்டினால் ஒரு தேர்வு. அன்றைய சட்டப்படி கிடைக்க வேண்டியிருந்த நூறு நாளில் பாதிக்கு மேல் போச்சு, நூறு நாளும் யாருக்குக் கிடைத்தது என்பது தனிக் கதை. அந்த அம்மா வேலை செய்யும் வீடுகளில் ஒன்றில் பையன் இதே தேர்வை மூன்று தடவை எழுதினானாம். முதல் தடவை சும்மா பார்ப்பதற்காக. "அவங்களுக்கு அது மாடல் எக்ஸாம் மாதிரி தம்பி" என்றார் அந்த அம்மா. குரலில் பொறாமை கூட இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

காசு இருந்தாலும் கட்டுவது லேசில்லை. முதலில் பாஸ்போர்ட் வேண்டும், அடையாள அட்டையாக. அது 1,500 ரூபாய். அப்புறம் போலீஸ் விசாரணை. ஆர்.ஏ.புரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் வீடுகளை இடித்தார்களே, அந்த மாதிரி இடங்களிலிருந்து பெயர்த்து எறியப்பட்டவர்களின் ரேஷன் கார்டில் ஒரு முகவரி, ஆதாரில் ஒரு முகவரி, ஆள் இருப்பது மூன்றாவது முகவரியில். டாலரில் விலை போட்ட தேர்வு என்றால் இன்னொரு வம்பு. ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலிருந்து புதிய கார்டுகளை உள்நாட்டுக்கு மட்டும் என்று முடக்கித்தான் தருகிறது, வெளிநாட்டுச் செலவுக்கு நாமாகத் திறக்கச் சொல்ல வேண்டும். ஜன்தன் கணக்கோடு கொடுத்த ரூபே கார்டைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த வாசலில் யாரும் சீந்த மாட்டார்கள். எனவே தெருமுனைக் கன்சல்டன்சிக்காரர் தன் கிரெடிட் கார்டில் கட்டுகிறார், மேலே ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ வாங்கிக்கொள்கிறார். ரசீது அவர் கணக்கின் பேரில் வரும். ரத்து செய்தால் வரக்கூடிய பாதிப் பணமும் அவர் கார்டுக்குத்தான் திரும்பும். அதற்கப்புறம் அவரைப் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

விலை குறைவான தேர்வு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. டூயோலிங்கோ என்று, 70 டாலர் அளவில், வீட்டிலிருந்தே எழுதலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்கின்றன. ஆனால் அதன் விதியைப் படியுங்கள். தனி அறை வேண்டும். எழுதி முடிக்கிற வரைக்கும் வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. பேச்சுக்குரல் கேட்கக்கூடாது. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கண்ணகி நகரில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில், தண்ணி லாரி வருகிற நேரத்தில், இதை எழுதிப் பாருங்கள். மலிவு என்பதும் யாருக்கு மலிவு என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

தேர்வு என்பது நமக்குப் புதிய அரசியல் பிரச்சினை இல்லை. 1893இல் ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும் நடந்தது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் இரட்டைமலை சீனிவாசன் சென்னையிலிருந்து எதிர்த்தார். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அவரை வெள்ளைக்காரன் அடிவருடி என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. தேர்வை இங்கே கொண்டுவந்தால் எழுதப் போவது யார்? பள்ளிக்கூடத்துக்குள் விடாத சாதியின் பிள்ளைகளா? தேர்வு மையம் பக்கத்தில் இருப்பதும் தேர்வு நமக்குக் கிட்டுவதும் வேறு வேறு. இன்றைக்கு மையம் தி.நகரிலேயே இருக்கிறது, பெரும்பாக்கத்திலிருந்து இருபது கிலோமீட்டர். அந்த மனுவின் கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு அரசாங்கம் ஒருவகையில் பதில் சொல்லித்தான் இருக்கிறது, நாம் போராடிச் சொல்ல வைத்தோம். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுக்கு மற்றவர்களுக்கு 100 ரூபாய், நமக்குக் கட்டணமே கிடையாது. டி.என்.பி.எஸ்.சி.யிலும் விலக்கு. 2025இல் கேட் தேர்வுக்குப் பொதுவில் 1,800, எஸ்.சி., எஸ்.டி.க்கு 900. நீட்டுக்கு 1,700, நமக்கு 1,000 (நீட்டை நாம் ஏற்கவில்லை, அது வேறு சண்டை). இந்த விலக்கெல்லாம் தர்மம் இல்லை. வாசலில் வசூலிக்கும் காசே ஒரு சாதிச் சுவராக வேலை செய்யும் என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட இடங்கள் இவை. அடையாறில் 1894இல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது அதை இலவசப் பள்ளி என்றுதான் திறந்தார். ராயப்பேட்டையிலிருந்து 1907இல் பண்டிதர் அயோத்திதாசர் பத்திரிகை தொடங்கியபோது ஒரு பைசாத் தமிழன் என்று விலையைப் பெயரிலேயே போட்டார். கொடுக்க முடிகிற விலை என்பது நம் இயக்கத்தின் முதல் பாடங்களில் ஒன்று. அதே அடையாறில் இன்று மாடியேறிப் போனால், எல்லோருக்கும் ஒரே கட்டணம், எல்லோரும் சமம் என்கிறார்கள். சமத்துவம் என்ற சொல்லை இவ்வளவு லாபகரமாகப் பயன்படுத்த முடியும் என்று நான் நினைத்ததில்லை.

சரி, வெளிநாட்டுப் படிப்புக்கு அரசு உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம், நாடு முழுவதற்கும். கல்விக் கட்டணம், பராமரிப்பு, விமானச் செலவு, விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு என்று தருவார்கள். ஆனால் விண்ணப்பிக்கும்போதே நிபந்தனை இல்லாத அனுமதிக் கடிதம் கையில் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஆங்கிலத் தேர்வு முடிந்திருக்க வேண்டும். ஆக, உதவி நிற்பது கதவுக்கு அந்தப் பக்கம். கதவைத் திறக்கிற காசு நம் பாக்கெட்டிலிருந்து. உள்ளே போனாலும் நிச்சயமில்லை. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நிதி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் காத்திருக்கும்போது மதிப்பெண் காத்திருக்காது. இந்தத் தேர்வுகளின் மதிப்பெண் எல்லாம் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அப்புறம் நீங்கள் ஆங்கிலத்தை மறந்துவிட்டதாகக் கணக்கு. மறுபடி பணம் கட்டு.

இந்த இடத்தில் அண்ணலின் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா போனவர், 1916இல் லண்டன் வந்து பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகை தீர்ந்துபோய்ப் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகம் என்ன செய்தது? நாலு வருஷத்துக்குள் வந்து தொடரலாம் என்று அனுமதி கொடுத்தது. அவர் பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்து மிச்சம் பிடித்து, நண்பரிடம் கடன் வாங்கி, சாகு மகாராஜாவின் உதவியோடு 1920இல் திரும்பிப் போனார், டாக்டர் பட்டம் வாங்கினார். ஒரு ஏழை மாணவனின் வாழ்க்கையில் பணம் இல்லாத மூன்று வருஷம் வரும் என்பதை அந்த வெள்ளைக்காரப் பல்கலைக்கழகம் நூறு வருஷத்துக்கு முன்னால் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு அதே லண்டனுக்குப் போக ஆசைப்படுகிற நம் பெண்ணுக்கு நாற்பது நிமிஷம் இல்லை.

மாநில அரசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாட்கோ மூலம் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறார்கள், பயிற்சிச் செலவையும் தாட்கோ ஏற்கிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்புவது, நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டுக் குளத்துக்குப் பூட்டுப் போட்டது மாதிரி. தனியார் பயிற்சி மையங்களோ இன்னும் மோசம். முழுக் கட்டணமும் முன்பணம், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி, பாதியில் நின்றால் பைசா கிடையாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அது செல்லாது தோழர்களே. ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, முழுப் பணம் கட்டிவிட்டுப் பாதியில் விலகினால், மீதிக் காலத்துக்குரிய பணத்தைக் கணக்குப் போட்டுப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும். வழிகாட்டு நெறிதான், சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. ஆனாலும் அந்தத் தாளைக் காட்டி ஒரு மாணவருக்கு நாங்கள் ஒன்பதாயிரம் ரூபாய் திரும்ப வாங்கினோம், நாலு பேராகப் போய் வரவேற்பு மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

கல்லூரிச் சேர்க்கைக்கும் யு.ஜி.சி. 2018இல் கணக்கு சொல்லியிருக்கிறது. கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னால் விலகினால் முழுப் பணம், அப்புறம் 90, 80, 50 என்று இறங்கும். கல்லூரிக்கு இப்படி ஒரு ஏணி இருக்கும்போது தேர்வுக் கம்பெனிக்கு மட்டும் ஏன் இல்லை? வாடிக்கையாளரைக் கேட்டால் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்கிறார்கள். கையெழுத்தா? ஒரு கட்டத்தில் டிக் போட்டால்தான் அடுத்த பக்கமே திறக்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று புதிதாக ஒரு பிரிவு வந்திருக்கிறது. நுகர்வோர் தவறினால் ஏற்படும் இழப்புக்குப் பொருத்தமே இல்லாத தண்டம் விதிப்பது அதற்குள் வரும். மாநில ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நாம் வசிக்கிற ஊரிலேயே போடலாம். 2009இல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில், அரசுத் தேர்வு வாரியம் தேர்வு நடத்துவது சேவை ஆகாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அது சட்டப்படி அமைந்த வாரியத்துக்கு. லாபத்துக்கு நடத்தும் கம்பெனி அந்தக் குடைக்குள் ஒதுங்க முடியாது என்பது என் வாதம். நம் வழக்கறிஞர் தோழர்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும். காலியாக இருந்த ஒரு நாற்காலிக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கும் பதினாறாயிரம் நஷ்டம் என்று அவர்கள் கணக்குக் காட்டட்டும் பார்ப்போம்.

ரத்து செய்கிற உரிமை அவர்களுக்கு மட்டும் தாராளமாக இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 2014இல் இங்கிலாந்தில் ஒரு ஆங்கிலத் தேர்வில் முறைகேடு என்று தொலைக்காட்சியில் செய்தி வந்ததும், 58 ஆயிரத்துக்கு மேற்பட்ட தேர்வுகளைத் திரும்பச் சோதித்து 97 விழுக்காடு சந்தேகத்துக்குரியவை என்று தேர்வு நிறுவனம் சொன்னது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசாவை அரசு ரத்து செய்தது. குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒரே மூட்டையில். தன் குரலைத் தானே கேட்டு நிரூபிக்க வழியில்லாமல் வருஷக்கணக்காக வழக்காடியவர்கள் உண்டு. அங்கே கட்டணம் மட்டுமா போயிற்று?

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு தோழர் எழுந்து கேட்பார். சேரியில் பத்தாவது தாண்டவே பாடாக இருக்கிறது, உனக்கு லண்டன் கேக்குதா? இன்னொருவர், ஆங்கிலம் ஏகாதிபத்திய மொழி, அதற்கு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பார். இரண்டாமவர் தன் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார் என்று நான் கேட்பதில்லை, நாகரிகம் கருதி. முதல் தோழருக்குச் சொல்கிறேன். பத்தாவது தாண்டினவளும் நம்ம பெண்தான். அவளிடம் போய், நீ கொஞ்சம் நில்லு, எல்லோரும் வந்த பிறகு போகலாம் என்று சொல்ல எந்த மேல்சாதிக்காரனும் தன் பிள்ளையிடம் சொன்னதில்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் அப்படியொரு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மசோதாவை எதிர்த்து அங்கே திரண்டவர்கள் இங்கிருந்து போனவர்கள்தான். நம் ஆட்களும் அங்கே போய் நிற்க வேண்டாமா?

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்து அரசு, ஆங்கிலம் நிரூபிக்கத் தேவையில்லாத நாடுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஜமைக்கா உண்டு, கயானா உண்டு, மால்டா உண்டு. இந்தியா கிடையாது. இருநூறு வருஷம் இங்கிலீஷில் ஆண்டு, இங்கிலீஷில் வரி வாங்கிப் போனவனுக்கு, நமக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்கவும் நாமே காசு தர வேண்டும். ஆங்கில வழியில் படித்தேன் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்தால் சில பல்கலைக்கழகங்கள் தேர்வைத் தள்ளுபடி செய்கின்றன. அந்தக் கடிதமும் கான்வென்ட்டில் படித்தவனுக்குத்தான் சுலபமாகக் கிடைக்கிறது. தமிழ் வழியில் படித்தவள் தேர்வு எழுதியே ஆக வேண்டும். தள்ளுபடி வசதியானவனுக்கு, கட்டணம் வசதியில்லாதவளுக்கு.

நாம் கேட்பது என்ன? தாட்கோ பயிற்சி முடித்த ஒவ்வொருவருக்கும் முதல் தேர்வுக் கட்டணத்தை அரசே முன்கூட்டிக் கட்ட வேண்டும். ரசீது கொண்டுவா, பிறகு திருப்பித் தருகிறோம் என்பது வேண்டாம், அந்தப் "பிறகு" நமக்குத் தெரியும், கல்லூரி உதவித்தொகைக்கு எத்தனை வருஷம் அலைந்திருக்கிறோம். இந்தக் கம்பெனிகள் தேர்வுச் சீட்டுகளை மொத்தமாகக் கன்சல்டன்சிகளுக்கு விற்கின்றன. கடைக்காரன் மொத்தமாக வாங்கும்போது அரசு வாங்க முடியாதா? ஆயிரம் சீட்டு வாங்குகிற அரசு, வெள்ளம் வந்தால் தேதி மாற்றித் தா என்று நிபந்தனை போட முடியும். தனியாகப் போய் நிற்கும் பெண்ணால் முடியாது. அரசு பேரிடர் என்று அறிவித்த மாவட்டத்தில் வசிக்கிறவர்களுக்கு, மையம் திறந்திருந்தாலும், தேதி மாற்றம் இலவசம் என்பது அந்த ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறைக்கு மனு தயாராகிறது. கையெழுத்துக் கேட்டு உங்கள் விடுதிகளுக்கு வருவோம்.

அதுவரை சில காரியங்கள். தேதி எடுப்பதற்கு முன்னால் ரத்து விதியைப் படித்துவிடுங்கள், தமிழில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் தேதி எடுக்காதீர்கள். அடுத்தவர் கார்டில் கட்டினால், திரும்பி வரும் பணம் யாருடையது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முந்தின நாள் ராத்திரியே தி.நகரிலோ மயிலாப்பூரிலோ தோழர் யார் வீட்டிலாவது வந்து தங்கிவிடுங்கள், என் வீட்டுத் திண்ணை எப்போதும் இருக்கிறது. பணத்தை இழந்தவர்கள் ரசீதையும் கம்பெனி அனுப்பிய பதிலையும் பிரதி எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பெயர் வெளியே வராது. வழக்குக்கு ஒரு ரசீது போதாது, ஐம்பதாவது வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு மறு தேதி எடுத்தாயிற்று. இதழ் நண்பர்கள் பதினோரு பேர் சேர்ந்து கட்டியிருக்கிறோம். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, அரசு கட்ட வேண்டிய காசை நாங்கள் கட்டினோம், அவ்வளவுதான். பழைய ரசீதை அவள் அம்மாவிடம் காட்டினாளாம். அம்மாவுக்கு எப்பவோ தெரியுமாம். குழுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிய அட்டையை எடுத்துவந்து ரசீதோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டாராம்.